சின்னக்கிளிக்கு நான் கொடுத்த அழுகை

போன கிழமை நீங்கள் மூன்று பேரும் வீடு தேடி வந்திருந்தபோது நான் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கேட்டதற்கு "இல்லை" என்ற ஒரு சொல்லோடு அனுப்பிவிட்டேன். ஒரு தேநீர்கூடத் தரவில்லை என்பது நீங்கள் போன பிறகுதான் உறைத்தது. கோபம் உங்கள்மேல் இல்லை. நேரில் சொல்லத் தொடங்கினால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று தெரியும், அதனால் எழுதுகிறேன். கொக்குவில் ஸ்டூடியோவில் நான் இருந்து படம் வெட்டிய கதிரையில் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் பேய்த்தொடர் 'சின்னக்கிளி'யை மறுபடியும் பழைய இருட்டுக்குக் கொண்டுபோகப் போவதாகச் சொன்னீர்கள். நல்லது, செய்யுங்கள். அந்தப் பாவைப்பிள்ளையை நாங்கள் படுத்திய பாடு கொஞ்சமல்ல. முதல் வருடம் ஆட்களைக் கொன்றவள், மூன்றாம் வருடம் ஓட்டோக்காரருக்குக் கண்ணடித்தாள். ஐந்தாம் வருடம் ஒரு புடவைக்கடைக்காகக் கூறைச்சேலை கட்டிக்கொண்டு விளம்பரத்தில் நின்றாள். அவளைக் கண்டு அலறிய பிள்ளைகளே பிறந்தநாள் கேக்கில் அவளுடைய முகம் வேண்டும் என்று அடம்பிடித்தன. கொலைகாரிக்கு அதைவிடப் பெரிய அவமானம் இல்லை. அந்தக் கூத்துக்கும் நான்தான் வெட்டி ஒட்டிக் கொடுத்தேன், ஆகவே எனக்கும் பங்கு இருக்கிறது.

நீங்கள் கேட்டது வேறு. முதல் பகுதி முதன்முதலில் வெளிவந்தபோது பாவை அழும் இடத்தில் வேறொரு குரல் இருந்ததாகவும், சில கிழமைகளில் அது காணாமல் போனதாகவும், இப்போது இணையத்தில் உள்ளது அந்தப் பழைய பகுதி அல்ல என்றும் ரசிகர்கள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அது உண்மைதான். அந்தக் குரலைத் தேடித் தந்தால் புதுத் தொடரை அதிலேயே தொடங்கலாம் என்றீர்கள். அது என்னிடம் இல்லை. இருந்தாலும் தரமாட்டேன்.

முதலில் ஒரு சின்னக் கதை. எங்கள் ஸ்டூடியோ பேய்ப்படம் எடுத்துப் பிழைத்த இடம் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு, இந்த மூன்றும்தான் எங்களுக்குச் சோறு போட்டன. அதிலும் செத்தவீட்டு வீடியோ வெளிநாட்டுக்கென்றே எடுப்பது. வர முடியாத மகன், விசா கிடைக்காத தம்பி, பிள்ளைத்தாய்ச்சியான மகள், இவர்களுக்காக. நான் வேலையில் சேர்ந்து இரண்டாம் வருடமோ என்னவோ, நான்கு மணித்தியாலச் செத்தவீடு ஒன்றை ஒரு மணித்தியாலமாக அழகாகச் சுருக்கினேன். எனக்கு அது பெரிய கெட்டித்தனமாகத் தெரிந்தது. ரொறன்ரோவில் இருந்த மகன் தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, எங்கடை மாமா கிணத்தடியிலை தனிய நிண்டவர் எண்டு அம்மா சொன்னவ. அது எங்கை?"

அது நான் வெட்டி எறிந்த துண்டு. ஒரு வயதுபோன மனிதர் கமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிணற்றுக் கட்டில் கையூன்றி நிற்கிறார், அவ்வளவுதான். ஐந்து நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. அதை யார் பார்ப்பார்கள் என்று நினைத்தேன்.

ஸ்டூடியோவைத் தொடங்கிய முதலாளி ஏசவில்லை. கணக்கப் பேசுகிற ஆளும் இல்லை. "நீர் படம் எண்டு நினைச்சு வெட்டிப்போட்டீர். அவனுக்கு அது செத்தவீடு. இஞ்சை வந்து நிண்டிருந்தால் அவன் நேரை கிணத்தடிக்குத்தான் போயிருப்பான்" என்றார். அந்தத் துண்டைத் தேடி எடுத்துத் தனியாக அனுப்பினோம். அதற்குப் பிறகு செத்தவீட்டில் நான் எதையும் வெட்டியதில்லை.

அவரிடம் ஒரேயொரு விதிவிலக்கு இருந்தது. படலையடி. பிரேதத்தைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் மயானத்துக்குப் போவார்கள், பெண்கள் முன்வாசல் படலைக் கதவோடு நின்றுவிடுவார்கள். அந்த இடத்தில் எழுகிற சத்தத்தை எடுத்துவிட்டு தேவாரம் போட வேண்டும். படம் ஓடலாம், ஒலி கூடாது. "அந்தச் சத்தம் திருப்பித் திருப்பிக் கேக்கிறதுக்கு இல்லை" என்பார். அவர் காலமான பிறகும் நாங்கள் அப்படியே செய்துவந்தோம். பதினெட்டு இருபது வருடத்தில் நான் எத்தனை படலைக்குத் தேவாரம் போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஒரு செத்தவீட்டுக்கு மட்டும் போடவில்லை.

அந்தத் தாயின் பெயரை ராஜினி என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர் வேண்டாம். ஸ்டூடியோவிலிருந்து ரயில் பாதையைத் தாண்டினால் இரண்டாவது ஒழுங்கையில் வீடு. ஒரே மகள், ஏழு வயது, டெங்குக் காய்ச்சலில் நான்கு நாளில் போய்விட்டாள். தகப்பன் பிரான்சில். அங்கே அவருடைய அகதி வழக்கு முடியவில்லை. வெளிக்கிட்டால் திரும்பப் போக முடியாது, ஆகவே வரவில்லை. எங்களுக்குத் தொலைபேசி எடுத்து ஒரு விஷயம் மட்டும் கேட்டார். "அக்கா, பாட்டு ஒண்டும் போடாதேங்கோ. அங்கை என்ன கேட்டதோ அது முழுக்க எனக்கு வேணும்."

கமராக்காரர் ஒரு கமராவைத் தோளில் வைத்துக்கொண்டு பிரேதத்தோடு போய்விட்டார். மற்றது படலைக்குப் பக்கத்தில், நிறுத்த மறந்தபடி, ஸ்டாண்டில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் பதிவானதை நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டேன். பறைச் சத்தம் ஒழுங்கையால் தூரப் போய்த் தேய்கிறது. பெண்கள் வீடு கழுவ உள்ளே போகிறார்கள். ராஜினி மட்டும் படலையைப் பிடித்தபடி நிற்கிறாள், முதுகுதான் தெரிகிறது. பிறகு அந்தச் சத்தம் வருகிறது. சொல் எதுவும் இல்லை. பதினைந்து விநாடி இருக்கலாம். அது முடிந்ததும் சேலைத் தலைப்பை எடுத்துப் படலையைத் துடைக்கிறாள், ஏதோ ஊத்தை பட்டிருந்ததுபோல. துடைத்துவிட்டு உள்ளே போகிறாள்.

தகப்பன் கேட்டபடியே அனுப்பினேன். இதுவரை பிழை ஒன்றும் இல்லை.

நான்கு மாதம் கழித்து 'சின்னக்கிளி' தொடங்கியது. எழுதி இயக்கிய பொடியன் இப்போது கனடாவில் வீட்டு வியாபாரம் செய்கிறார், அப்போது இருபத்தாறு வயது, நெருப்பு. அவர் கதையைச் சொன்ன மத்தியானம் எனக்கு முதுகு குளிர்ந்தது உண்மை. பாவை கத்தி எடுக்காது, கண்ணை உருட்டாது. எந்த வீட்டில் பிள்ளையைக் கொல்லப் போகிறதோ அந்த வீட்டுத் தாயின் அழுகையை முதலே அழும். தாய் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கதை கதைத்துச் சிரித்துக்கொண்டு இருப்பாள். அறைக்குள்ளிருந்து அவளுடைய குரலிலேயே ஒரு அழுகை வரும். அவள் துருவலையில் இருந்தபடியே நிமிர்ந்து பார்ப்பாள். முதல் பகுதி அந்த ஒரு அழுகையில் தொங்கியது. அது சரியாக வராவிட்டால் பாவை வெறும் பிளாஸ்டிக்.

தாயாக நடித்தவர் எங்கள் பக்கத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்துக் கம்பசில் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. நல்ல நடிகை, கெட்டிக்காரி. ஆனால் அழச் சொன்னால் அழகாக அழுதாள். பதினெட்டுத் தரம் எடுத்தோம், தொண்டை கட்டியது, பதினெட்டும் அழகாக இருந்தது. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வெளியிடுகிறோம் என்று ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. வெள்ளி பின்னேரம் மூன்று மணிக்கு நான் அந்த இடத்தைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இயக்குநர் பின்னால் நடந்துகொண்டிருந்தார். "ஏதாவது செய்யுங்கோ அக்கா" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நடந்தார்.

எனக்குத் தெரியும், எங்கே இருக்கிறது என்று. தேடவே இல்லை. கை நேராகப் போனது.

அப்போது மனதில் என்ன ஓடியது என்று பின்னாளில் பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். அதில் முகம் இல்லை, பெயர் இல்லை, சொல்கூட இல்லை, வெறும் சத்தம்தானே என்று நினைத்தேன். உலகத்தில் இதை யார் அடையாளம் காணப் போகிறார்கள் என்றும் நினைத்தேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை, பதிந்தபடியே வைத்தேன். மாற்ற மனம் வரவில்லை, அவ்வளவு சுத்தமாக இருந்தது. இந்தச் சொல்லை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வோம், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இயக்குநர் கேட்டதும் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். "எங்கையிருந்து எடுத்தனீங்கள் அக்கா?"

"பழசுக்கை கிடந்தது" என்றேன்.

ஆறு மணிக்கு வெளியிட்டோம். அடுத்த நாள் விடியவே தெரிந்துவிட்டது. நெல்லியடியிலிருந்து ஒரு ரியூசன் வாத்தியார் எடுத்து, பிள்ளைகள் பொழுதுபட்டால் கக்கூசுக்குப் போகிறார்கள் இல்லை என்று ஏசினார். அந்த ஏச்சு எங்களுக்குத் தேன்போல இருந்தது. எல்லோரும் அந்த அழுகையைத்தான் எழுதினார்கள். அந்த நடிகைக்கு வாழ்த்து வந்து குவிந்தது. அந்தப் பிள்ளை என்னிடம் வந்து, "அக்கா, அது நான் அழுதது இல்லையே" என்றாள். உன்னுடைய பதினெட்டையும் சேர்த்து ஏதோ செய்தேன் என்று மழுப்பினேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான்காம் நாள் மத்தியானம் ஸ்டூடியோத் தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"அக்கா, நான் ராஜினியின்ரை மனுசன் கதைக்கிறன், பிரான்சிலை இருந்து. ஒரு சின்னக் கேள்வி. குறை நினைக்காதேங்கோ."

சொல்லுங்கள் என்றேன்.

"எங்கடை அறையிலை ஒரு பெடியன் போனிலை உங்கடை சின்னக்கிளி பாத்துக்கொண்டிருந்தவன். நான் அங்காலை வெங்காயம் வெட்டிக்கொண்டு நிண்டனான். ராஜினி அழுத சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பாத்தால் அந்தப் பாவை அழுகுது. அது ராஜினியோ அக்கா?"

"இல்லைத் தம்பி. அது நடிச்ச பிள்ளையின்ரை குரல்."

எவ்வளவு நேரம் யோசித்தேன் என்று நினைக்கிறீர்கள்? யோசிக்கவே இல்லை. அவர் கேட்டு முடிக்க முன்னமே வாய் சொல்லிவிட்டது.

"ஓமோ" என்றார். பிறகு, "அப்ப எனக்குத்தான் ஏதோ பிழைச்சுப்போச்சு. அந்த வீடியோவை நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறனான். அதாலை இருக்கும். வேலை நேரத்திலை கரைச்சல் தந்திட்டன், குறை நினைக்காதேங்கோ அக்கா" என்று வைத்துவிட்டார்.

தேவாரம் போட வேண்டாம் என்று அவர் கேட்டதால்தான் அந்தக் குரல் எங்கள் கையில் இருந்தது. அதை நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்த ஒரே மனிதரும் அவர்தான். உலகத்தில் யாரும் அடையாளம் காண மாட்டார்கள் என்று நான் நினைத்தபோது, அந்த ஒருவரை மறந்துவிட்டேன்.

பிள்ளைகளே, இதை மட்டும் நிதானமாக வாசியுங்கள். ஒலியைத் திருடியதைவிட அந்தப் பதில்தான் பெரிய பிழை. திருட்டை ஒரு மணித்தியாலத்தில் திருத்தியிருக்கலாம். "பாத்திட்டு எடுக்கிறன் தம்பி" என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் அந்த ஒரு மணித்தியாலம் எனக்குக் கிடைத்திருக்கும். நெருக்கடி வரும்போது வாயில் முதலில் வருவது உங்களைக் காப்பாற்றுகிற சொல்லாகத்தான் இருக்கும். அதை விழுங்கப் பழகுங்கள். இந்தத் தொழிலில் வேறு எதைப் பழகாவிட்டாலும் பரவாயில்லை. நான் என்னைக் காப்பாற்றினேன். காது சரியாக இருந்த ஒரு மனிதரிடம் உன் காது பிழை என்று சொல்லி அனுப்பினேன்.

பிறகும் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் பகுதி வேலை தலைக்குமேல் கிடந்தது என்று சொல்லலாம். அது உண்மையும்தான், சாட்டும்தான்.

மூன்று கிழமை போனது. ஒரு பின்னேரம் ராஜினி ஸ்டூடியோவுக்கு வந்தாள். செத்தவீட்டுக்குப் பிறகு நான் அவளைக் காணவில்லை. பாதியாகப் போயிருந்தாள். கையில் போனை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தாள். இயக்குநர் வெளியில் போயிருந்தார், நான் தனிய.

"அக்கா, அவருக்குச் சுகமில்லை" என்றாள். "வேலைக்குப் போறேல்லை. ரயிலிலை போனாலும் நான் அழுகிறது கேக்குதாம், பைப்பைத் திறந்தாலும் கேக்குதாம். அறையிலை இருக்கிற பெடியள்தான் டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போனவங்கள். குளிசை குடுத்திருக்கு. குடிச்சுப்போட்டு நித்திரைதான்."

நான் கதிரையைத் தள்ளிக் கொடுத்தேன். இருந்தாள்.

"முதல் முதல் உங்கடை பாவையின்ரை படத்திலைதான் கேட்டதாம். நீங்கள் இல்லை எண்டு சொன்னனீங்களாம். அதுக்குப் பிறகுதான் எல்லாத்திலையும் கேக்கத் தொடங்கினதாம். நான் அந்தப் படம் பாக்கேல்லை, இப்ப எனக்கு உதுகள் பாக்க மனமில்லை. ஆனால் அந்த இடத்தை மட்டும் ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோ. இது நான் இல்லை எண்டு என்ரை வாயாலை சொன்னால் நம்புவார். பிள்ளையைக் குடுத்திட்டன் அக்கா. இவரையும் விசராக்கிப்போட்டு நான் ஆரோடை இருக்கிறது?"

அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "பொறும் பிள்ளை, எடுத்துப் போடுறன்" என்று அவளுக்கு முதுகைக் காட்டி இருந்து, கம்பஸ் பிள்ளையின் பதினெட்டு அழுகையில் நல்ல ஒன்றை எடுத்து அந்த இடத்தில் வைத்தேன். இரண்டு நிமிட வேலை. கை நடுங்கவில்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் பயம். ஒட்டினது தெரியாமல் ஒட்டினேன். என் வாழ்நாளில் செய்த மிகத் துப்புரவான வேலைகளில் அது ஒன்று.

போட்டுக் காட்டினேன். குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முகம் தெளிந்தது.

"இது நான் இல்லை. இது ஆரோ படிச்ச பிள்ளை அழுகிறது" என்றாள். ஒரு சிரிப்புக்கூட வந்தது. எனக்கும் மூச்சு வந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். எழும்புவாள், அவருக்குச் சொல்லுவாள், அவர் தெளிவார், நானும் தப்புவேன்.

அவள் எழும்பவில்லை. "மற்றதையும் போடுங்கோ. எங்கடை வீட்டு வீடியோ. படலையடி. ரெண்டையும் வைச்சுக் கேட்டனீரோ எண்டு அவர் கேப்பார், அவருக்குப் பொய் சொல்ல ஏலாது."

"வேண்டாம் பிள்ளை. நீர் அதைப் பாக்க வேண்டாம்."

"நான் இன்னும் ஒருக்காலும் பாக்கேல்லை. போடுங்கோ அக்கா."

வேறு வழி இல்லை. போட்டேன். பறை தேய்ந்தது. பெண்கள் உள்ளே போனார்கள். படலையடியில் முதுகு மட்டும் தெரிய ஒருத்தி நின்றாள். அந்தச் சத்தம் வந்தது. ராஜினி திரையைப் பார்த்தபடி அசையாமல் இருந்தாள். திரையில் நின்றவள் சேலைத் தலைப்பால் படலையைத் துடைத்தாள்.

"உது ஆர் அழுகிறது?" என்று கேட்டாள்.

எனக்கு விளங்கவில்லை. "நீர்தான் பிள்ளை."

"நானோ? நான் அழேல்லை அக்கா."

சும்மா சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படி நம்பினாள். "ஊர் முழுக்கத் தெரியும். மாமியவை இண்டைக்கும் சொல்லுறவை, பெத்த பிள்ளையைக் கொண்டுபோகேக்கை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் கல்லுமாதிரி நிண்டவள் எண்டு. நானும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருக்கிறன். எனக்கு அண்டைக்கு ஒண்டும் ஞாபகமில்லை. அவர் மட்டும் சொல்லுறவர், நீர் அழுதனீர், நான் கேட்டனான் எண்டு. என்னை ஆத்துறதுக்குச் சொல்லுறார் எண்டு விட்டிட்டன்."

திரையில் அந்தச் சேலையை விரலால் தொட்டாள். "இது என்ரை சேலைதான்" என்றாள். "திருப்பிப் போடுங்கோ."

போட்டேன். மறுபடியும் கேட்டாள். மூன்று தரம் போட்டேன். நான்காம் தரம் என்னால் முடியவில்லை. அந்தச் சத்தத்தை வெள்ளிக்கிழமைக்காக எடுத்த கை என்னுடையது. அதே சத்தத்தை அவள் இப்போதுதான் முதன்முதலாக, தன் பிள்ளைக்காகத் தான் அழுததற்குச் சாட்சியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதற்குப் பிறகு என் வாய்க்குப் பொய் வரவில்லை. நல்ல மனம் என்று நினைக்காதீர்கள். பொய் தீர்ந்துபோனது, அவ்வளவுதான்.

"முதல் போட்டுக் காட்டினது பொய் பிள்ளை" என்றேன். "நீர் வந்த பிறகுதான் மாத்தி வைச்சனான். பாவை அழுகிறது உம்மடை குரல்தான். நான்தான் எடுத்துப் போட்டனான். அவர் கேக்கேக்கையும் இல்லை எண்டு பொய்தான் சொன்னனான்."

ராஜினி என்னைப் பார்த்தாள். அடித்திருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

"அப்ப அவருக்குக் கேட்டது?"

"சரியாத்தான் கேட்டது."

அவள் போனை எடுத்து அழுத்தினாள். அங்கே மணி கனநேரம் அடித்தது. குளிசை மயக்கம் தெளியாத குரலில் ஒரு "ஹலோ" வந்தது. "அக்கா ஒரு விஷயம் சொல்லப்போறா, கேளுங்கோ" என்று சொல்லி, போனை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தாள். என்னைப் பார்த்து, "சொல்லுங்கோ" என்றாள்.

அவளுக்குச் சொன்னதையே அவருக்கும் சொன்னேன். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"மெய்யோ அக்கா?"

"மெய் தம்பி."

"அப்ப எனக்கு விசர் இல்லை." இதை எங்களுக்குச் சொல்லவில்லை, தனக்கே சொன்னார். பிறகு குரல் உயர்ந்தது. "ராஜினி, கேட்டனீரோ? எனக்கு விசர் இல்லையாம். என்ரை காது சரியாம்." அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "பெரிய உதவி செய்தீங்கள் அக்கா. நன்றி. சரியான நன்றி."

என்ன ஏச்சு வந்தாலும் வாங்குவது என்று மனதைக் கட்டிக்கொண்டு நின்றேன். நன்றி வரும் என்று நினைக்கவில்லை. இந்தத் தொழிலில் என்னை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள், உங்களுக்குத் தெரியும். அந்த மனிதரின் நன்றியை வாங்கிக்கொண்டு அன்று நின்றதுபோல நான் எங்கேயும் குறுகி நின்றதில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் சாப்பாடு இறங்காது.

நீங்கள் தேடுகிற இருட்டு இதுதான். விளக்கை அணைத்து, பாவைக்குக் கண்மை பூசிக் கொண்டுவர முடியாதது. நாங்கள் அதை ஒரு வீட்டுப் படலையிலிருந்து தூக்கி வந்து எங்கள் பெயரைப் போட்டு ஓட்டினோம். உங்கள் அழுகையை நீங்களே உண்டாக்குங்கள். நடிகைக்குத் தொண்டை கட்டட்டும், வெள்ளிக்கிழமை தவறட்டும். ஒரு வெள்ளிக்கிழமை தவறியதற்காக யாரும் குளிசை குடித்ததில்லை.

ராஜினி போனைக் கையில் எடுத்தாள். "நானும் கேட்டன்" என்று அவருக்குச் சொன்னாள். "மூண்டு தரம் போட்டவ. நான் அழுதிருக்கிறன்."

"நான் சொன்னனான்தானே" என்றார் அவர்.

பிறகு இரண்டு பேரும் கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. போனும் அணையவில்லை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவள், "படுங்கோ. பிறகு எடுக்கிறன்" என்று வைத்தாள்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"உதெல்லாம் பிறகு. முதல் அதை உந்தப் பாவையின்ரை வாயிலை இருந்து எடுங்கோ" என்றாள். "அது என்ரை."

நான் திரும்பி மெசினில் கை வைத்தேன். எடுத்து முடியும்வரை அவள் எனக்குப் பின்னால் நின்றாள்.